கிளட்ச் மிதிக்கும் கால்

எபராமா அண்ணனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சர்ச்சில் அவனைப் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்கார வைப்பார்கள். நடுவில் உட்கார்ந்தால் அவன் தொடை ஆடுகிற ஆட்டத்தில் முழுப் பெஞ்சும் ஆடும். பாட்டுப் புத்தகங்கள் கீழே விழும். யங்கோனா வேர்ச்சாறு குடிக்கக் கூடினால் கிண்ணம் ஒரு சுற்று வந்து முடிவதற்குள் எழுந்து போய் நாயை அதட்டிவிட்டு, லாரி டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வந்துவிடுவான். ஜூன் மாதம் அரவை தொடங்கினால் லவுத்தோக்கா ஆலை வாசலில் கரும்பு லாரிகள் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் வரிசையில் நிற்கும். மற்ற டிரைவர்கள் ஜன்னலில் கால் நீட்டித் தூங்குவார்கள். இவன் வரிசையின் தலையிலிருந்து வால்வரை நடப்பான். யார் லாரியில் எந்த ஊர்க் கரும்பு, யாருக்கு ரேடியேட்டர் ஒழுகுகிறது, யார் மனைவியோடு சண்டை, எல்லாம் அவனுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவனை மூன்று வாரம் படுக்கையில் அசையாமல் போட்டு வைத்த கதை இது.

அவன் என் பெரியப்பா மகன். சிங்காதோக்கா பள்ளத்தாக்கில் எங்கள் ஊர் நவுனிமாசி. அந்த ஊரிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊர்க் கூடத்தில் ரக்பி அணியின் படத்துக்குப் பக்கத்திலேயே என் பட்டமளிப்புப் படத்தையும் மாட்டி வைத்திருக்கிறார்கள். அணியின் படத்துக்கு மாலை இருக்கிறது, எனக்கு இல்லை. ஆனாலும் ஆணி ஒரே அளவுதான். பெரிய ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபிஸ்ட். அதனால் முழங்காலைப் பற்றி நான்கு வார்த்தை பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் மைதானத்தில் மேலூர்க்காரர்களுடன் ரக்பி ஆட்டம். நான் பஸ்ஸைத் தவறவிட்டதால் ஆட்டம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். இரண்டரை மணி இருக்கும். மைதானத்தில் யாரும் இல்லை. எல்லோரும் பெரியப்பா வீட்டில் கூடியிருந்தார்கள். ஆட்டத்தில் விழுந்த அண்ணன் பாயில் படுத்திருந்தான். இடது முழங்காலைச் சுற்றி இலை வைத்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஆற்றோரத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைக் கவர்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு கினி. எலும்பெல்லாம் நல்லாருக்காம். சுளுக்குதானாம்," என்றார் பெரியப்பா.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் அசையாமல் கிடந்தான். கை ஆடவில்லை, வலது கால்கூட ஆடவில்லை. முப்பத்தொரு வயதில் அவன் அப்படிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

"வலிக்குதா அண்ணே?"

"முட்டி வலிக்குது. பாதம் வலிக்கல. மரத்துப் போச்சு."

பாதத்தின் மேல் விரல் வைத்தேன். ஊரே என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது பாதத்தில் நாடி தவளைபோல் துள்ளியது. இடது பாதத்தில் தேட வேண்டியிருந்தது. தேடித் தேடி, மூச்சை அடக்கிப் பிடித்தால் ஏதோ ஒன்று மெல்லத் தட்டியது. பாதமும் சில்லென்று இருந்தது. விரலை மேலே தூக்கச் சொன்னேன். தூக்க வரவில்லை.

வெறும் சுளுக்கில் பாதம் இப்படி ஆகாது.

"விழுந்தப்ப கால் எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டேன்.

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். அணியில் பதினைந்து பேர், மைதான ஓரத்தில் நின்ற அறுபது பேர், ஒருவருக்கும் வாய் இல்லை. கதவோரம் லோசலினி மதினி எண்ணெய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கள் அத்தை மகள். வாரத்தில் ஆறு நாள் கடற்கரை ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுவாள். சனிக்கிழமை அணிக்கு நீவி விடுவாள். அவள் கைக்கு அடங்காத சதை எங்கள் பக்கத்தில் இல்லை. வாயும் அப்படித்தான். முறைப்பையன்களைக் கேலி செய்ய அவளுக்கு உள்ள உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

"மதினி, நீதான் முதல்ல ஓடியிருப்பே. கால் எப்படி இருந்துச்சு?"

"விழுந்த கால் எப்படி இருக்கும்? விழுந்த மாதிரி இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பாட்டில் மூடியைத் திருகினாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முஷ்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். கீழ் முஷ்டியை மெல்லப் பின்னுக்கும் பக்கவாட்டுக்கும் நகர்த்தினாள்.

"இப்படி இருந்துச்சு."

"நீ இழுத்து வெச்சியா?"

"இழுத்தேன். டக்குனு உட்கார்ந்துச்சு. எந்திரிச்சு நின்னான் மச்சான். எல்லாரும் கை தட்டினாங்க. ரெண்டு எட்டு ஓடினான், அப்புறம் விழுந்தான்."

"இதை ஆஸ்பத்திரில சொன்னீங்களா?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். போன வருஷம் ஊர்க் கூட்டத்தில் சுகாதார நர்ஸ் வந்து, இனி யாராவது உடைந்த இடத்தை நீவினால் பெயர் எழுதி மேலே அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதனால் பிக்அப் வண்டியில் போகும்போதே எல்லோரும் ஒரே வார்த்தையாகப் பேசி முடித்திருந்தார்கள்: விழுந்தான், அவ்வளவுதான். அந்தச் சின்ன டாக்டர் பையன், மூட்டு விலகியதா என்று கேட்டிருக்கிறான். இவர்கள் சிரித்துக்கொண்டே இல்லை என்றிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. உட்கார வைத்துத்தானே கொண்டு போனார்கள்.

எங்கள் ஊரில் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அது எங்கள் பெருமை. அன்று அந்தப் பெருமை ஒரு காலைத் தின்னப் பார்த்தது.

முழங்கால் முழுசாக விலகினால் பின்னால் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் இழுபடும். வெளியே கிழியாவிட்டாலும் உள்சுவர் கிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளும். அடைத்து ஆறு மணி, எட்டு மணி நேரம் போனால் கீழே உள்ள சதை செத்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏற்கெனவே போயிருந்தது.

இலைக்கட்டை அவிழ்த்து எறிந்தேன். வாட்டிசோனி பிக்அப்பை எடுத்தான். அவன் அண்ணனோடு லாரி ஓட்டுகிறவன். அன்று அவன் ஓட்டிய ஓட்டத்துக்கு அவன் லைசென்ஸைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் முன்கூட்டியே எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "முழங்கால் விலகி, களத்திலேயே திருப்பி வெச்சது" என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு அங்கே ஸ்கேன் அறையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். நாலரைக்கு உள்ளே போனான். ஐந்தரைக்கு ஆபரேஷன் மேஜையில் இருந்தான். வலது தொடையிலிருந்து ஒரு துண்டு நாளம் எடுத்து இடது காலில் ஒட்டுப் போட்டு, முட்டி ஆடாமல் இருக்கத் தொடையிலிருந்து கணுக்கால் பக்கம்வரை வெளியே இரும்புச் சட்டம் கட்டினார்கள். பாதம் சிவந்தது. கால் பிழைத்தது.

திங்கட்கிழமை காலை டாக்டர் நிலேஷ்னி வந்தார். எலும்பு டாக்டர். பா என்ற ஊர்க்காரர், குட்டையாக இருப்பார், பேச்சில் சர்க்கரை போடாதவர்.

"நாலு பெரிய தசைநார்ல மூணு போயிடுச்சு. நடுவுல குறுக்கா இருக்கிற ரெண்டு, வெளிப்பக்கம் ஒண்ணு."

"அன்னிக்கே திறந்தீங்கள்ல டாக்டர்? அப்படியே தைச்சிருக்கலாமே," என்றான் அண்ணன். அவனுடைய வலது கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.

"தைச்சிருக்கலாம். புது ரத்தக்குழாயைப் போட்டு வெச்சு அதுமேலயே மறுபடி குடைஞ்சிருக்கலாம். கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருக்கு, வெட்டின தோல் மூடாது, சீழ் பிடிக்கும். அப்புறம் தைக்க முட்டியே இருக்காது."

"அப்போ எப்போ?"

அந்த வார்த்தையை அவன் அடுத்த ஐந்து மாதத்தில் எத்தனை தடவை கேட்டான் என்று கணக்கு வைக்கவில்லை.

"ரத்தக்குழாய்க்கு மணிக்கணக்கு. அது முடிஞ்சுது. நடுவுல இருக்கிற ரெண்டுக்கும் அவசரம் இல்ல, மாசக்கணக்குல பார்த்துக்கலாம். வெளிப்பக்க நாருக்குத்தான் மூணு வாரம். அதுக்கு மேல போனா அறுந்த முனை சுருங்கி, தழும்போட ஒட்டிக்கும். எது நார், எது தழும்புன்னு எனக்கே தெரியாது. ஆனா வீக்கம் வடியாம முன்னாடியும் போக முடியாது."

மூன்றாவது வாரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து முழங்கால் சர்ஜன் தன் ஆட்களோடும் கருவிகளோடும் வருவார். திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாள். அதை விட்டால் நவம்பர்.

"வெளிப்பக்கம் கட்டாம விட்டா என்ன ஆகும்?" என்று நான் கேட்டேன். எனக்குத் தெரியும். அண்ணன் காதில் விழட்டும் என்று கேட்டேன்.

"நடப்பார். ஆனா அழுத்தி மிதிச்சா முட்டி வெளிப்பக்கமா வாயைப் பிளக்கும். என்ன வேலை பார்க்கறீங்க?"

"கரும்பு லாரி."

"கிளட்ச் எந்தக் கால்?"

அண்ணன் சட்டத்துக்குள் இருந்த இடது காலைப் பார்த்தான். அவன் லாரி பழசு. அதன் கிளட்ச் கல்மாதிரி. ஆலை வரிசையில் அடிக்கு ஒரு தடவை மிதிக்க வேண்டும்.

"அப்போ அசையாம படுங்க. காலை உயர வெச்சு. தினமும் காலைல வந்து தோலைக் கிள்ளிப் பார்ப்பேன். கிள்ளின இடத்துல சுருக்கம் விழணும். விழுந்தாத்தான் கத்தி."

செவ்வாய்க்கிழமை லோசலினி மதினி ஹோட்டலில் லீவு போட்டுவிட்டு வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டு. டாக்டர் வார்டுக்குள் நுழைந்ததும் அவள் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து கட்டை முன்னால் வைத்தாள். பெரிய தப்புச் செய்தவர்கள் மன்னிப்புக் கேட்கிற முறை அது. தலைவர்கள் முன்னால் செய்வது. ஆஸ்பத்திரி வார்டில் யாரும் செய்து பார்த்ததில்லை. நர்சுகள் ஊசியோடு நின்றுவிட்டார்கள்.

"நான் காலை இழுத்தேன், அதைச் சொல்லாம மறைச்சோம். எங்க ஊர் சார்பா இதை ஏத்துக்கணும்," என்றாள், தலை நிமிராமல்.

டாக்டர் சுற்றிப் பார்த்தார். பிறகு அவரும் குந்தி உட்கார்ந்து, கட்டைத் தொட்டு, முறைப்படி குழித்த கையால் தட்டினார்.

"இழுத்து வெச்சதுக்கு நான் திட்டல. விலகியே கிடந்திருந்தா இன்னும் மோசம். ஆனா உங்க கைக்குள்ள ரத்தக்குழாய் தெரியாது. சொல்லாம விட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தக் கட்டு. சரியா? இப்ப சொல்லுங்க, இதை நான் எங்க வைக்கிறது? ஆபரேஷன் தியேட்டர்லயா?"

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் மதினி. "இவனைக் காவல் காக்க நான் இருக்கேன். இவன் அக்கா தம்பிகூட நேரா பேசக்கூடாது, எங்க ஊர்ல அதுதான் முறை. அம்மா அழுவாங்க. திட்டறதுக்கு நான்தான்."

அவள் கை நீவ முடியாமல் தவித்தது; அவன் கால் நடக்க முடியாமல் தவித்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

"சுருக்கம் விழுந்துச்சா மதினி?"

"உன் மூஞ்சிலதான் விழுந்திருக்கு. படு."

"ஒரே ஒரு தடவை ஜன்னல்வரைக்கும்..."

"நிக்கிற இடத்துல நிக்கத் தெரியாதவன்னுதான் ஒருத்தியும் உன்னைக் கட்டிக்க மாட்டேங்குறா. இப்பதான் நல்ல நேரம், ஓட முடியாது. பொண்ணு பார்க்கட்டுமா?"

ஒன்பதாம் நாள் அவள் தேநீர் வாங்கப் போன நேரத்தில் வாட்டிசோனி வந்தான். கரும்பு ஏற்றிய லாரியை ஆலைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்தான். அண்ணனுடைய லாரி. ஜன்னல் வழியாக அதன் ஹாரன் சத்தம் கேட்டது. அடுத்த கால் மணி நேரம் என்ன நடந்தது என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பதினொன்றாம் நாள் காலை, சட்டத்தைப் பிடிக்கத் தொடையில் இறக்கியிருந்த ஆணி ஒன்றைச் சுற்றிச் சிவந்து நீர் வடிந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார்.

"எழுந்தீங்களா?"

"இல்ல டாக்டர்," என்றான் அண்ணன், அதே ஊர்ச் சிரிப்போடு.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொன்னாள்.

"எழுந்தான். ஊன்றுகோல் எடுத்துப் போய் லாரில ஏறி உட்கார்ந்திருக்கான். அங்க நின்ன டாக்சிக்காரன்தான் எங்கிட்ட சொன்னான். சட்டம் கதவுல இடிச்சிருக்கு. அதுதான் சிவப்பு."

"மதினி!"

"என்னடா மதினி? ஒரு தடவை வாயை மூடினேன், உன் கால் போகப் பார்த்துச்சு. ரெண்டாம் தடவை மூட நான் என்ன மரமா?"

டாக்டர் அந்த ஆணியைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். இடி பட்ட இடம் தெரிந்ததால், கெடுதல் முட்டியிலிருந்து வரவில்லை, ஆணியோடு நிற்கிறது என்று முடிவு செய்ய முடிந்தது. மருந்தை மாற்றினார். போகும்போது, "சிவப்பு போகலன்னா வெளிநாட்டு சர்ஜன் கத்தி வைக்க மாட்டார். நானும் வைக்க விடமாட்டேன்," என்றார்.

அன்று மதியம் மதினி கடைக்குப் போய்க் குழந்தைப் பவுடர் நாலு டப்பா வாங்கி வந்தாள். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஆடுகிறவர்கள் தலையில் கொட்டுகிற அதே பவுடர். கட்டிலைச் சுற்றித் தரையெல்லாம் தூவினாள். ஒரு அடித்தடம் விழுந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். யாராவது வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று தலைமை நர்ஸ் கத்தினார். "அவங்களுக்கும் நானே நீவி விடறேன்," என்றாள் மதினி. பவுடரைத் துடைக்க வைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அண்ணன் எழவில்லை. விரல்களால் கட்டில் கம்பியில் தாளம் போட்டுப் போட்டு, பெயின்ட் உரிந்து வந்தது.

பதினாறாம் நாள், திங்கள், வெளிநாட்டு சர்ஜன் வந்தார். நெட்டையான ஆள், ஹேமிஷ் என்று பெயர். தோலைக் கிள்ளினார். பலூன்போல் வழுக்கியது. "வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்று போய்விட்டார்.

"வெள்ளிக்கிழமை அவர் கிளம்பற நாளாச்சே!" என்றான் அண்ணன்.

செவ்வாய், புதன், வியாழன். மற்ற கட்டில்களிலிருந்து ஒவ்வொருவராக ஆபரேஷனுக்குப் போய் வந்தார்கள். அண்ணன் சாப்பிடவில்லை; மதினி கொண்டுவந்த மரவள்ளியும் டின் மீனும் ஆறிக் கிடந்தன. வேலைக்கு நடுவே நான் ஏழு தடவை மேலே ஏறி வந்தேன். படித்தவன் என்பதால் அவனுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கும் என்று அவன் நினைத்தான். என்னிடம் நாட்கணக்குதான் இருந்தது, அது அவனுக்கும் தெரிந்ததுதான்.

வெள்ளிக்கிழமை காலை, டாக்டர்கள் வருவதற்கு முன், மதினி அவன் முட்டியருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள், தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில்.

"கினி. நீ கிள்ளு. நீ படிச்சவன்."

கிள்ளினேன். முட்டியின் வெளிப்பக்கம், மெல்லிசாக, ஆற்று மணலில் காற்று போட்டதுபோல் மூன்று கோடு விழுந்தது. ஆணி இருந்த இடம் காய்ந்திருந்தது.

கடைசி ஆளாக உள்ளே அழைத்துக்கொண்டார்கள். வெளிப்பக்க நாரின் முனைகள் சுருங்கத் தொடங்கியிருந்தன, ஆனால் அகப்பட்டன. ஆபரேஷன் முடிந்து டாக்டர் நிலேஷ்னி வெளியே வந்து, "அடுத்த வாரமா இருந்தா கிடைச்சிருக்காது," என்றார். மதினி அங்கேயே உட்கார்ந்து, கையில் துணி எதுவும் இல்லாததால் என் சட்டைக் கையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நடுவில் உள்ள இரண்டையும் தொடவில்லை. நவம்பரில் ஹேமிஷ் திரும்ப வந்தபோது அண்ணன் முட்டி நூற்றுப்பத்து டிகிரி மடங்கியது, பாதம் பாதி தூக்க வந்தது, வெளிப்பக்கம் இறுகியிருந்தது. முன்பின்னாகக் கொஞ்சம் ஆடியது. அரவைக் காலம் முழுவதையும் அவன் ஓரமாக நின்று பார்த்திருந்தான். கடைசி இரண்டு வாரக் கரும்பு வயலில் மிச்சம்.

"அப்போ அந்த ரெண்டும் எப்போ?" என்றான்.

"ஒருவேளை எப்பவுமே வேணாம்," என்றார் டாக்டர் நிலேஷ்னி. "ரக்பி ஆடணும்னா வேணும். லாரிக்கு வேணாமா இருக்கும். ஒரு சீசன் ஓட்டிப் பாருங்க. முட்டி உங்களை ஏமாத்தினா வாங்க. ஏமாத்தலன்னா வராதீங்க."

"இப்ப ஓட்டலாமா?"

அவர் என்னைக் காட்டினார். முடிவு என்னுடையது.

வாசலில் வாட்டிசோனி கொண்டுவந்த லாரி நின்றது. அண்ணனை டிரைவர் சீட்டில் ஏற்றினேன். இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்து முப்பது எண்ணும்வரை பிடிக்கச் சொன்னேன். ஆலை வாசல் ஏற்றத்தில் அவ்வளவாவது பிடிக்க வேண்டும். மதினி கீழே நின்று உரக்க எண்ணினாள். மூச்சு விடாமல், ஒன்றின் காலில் அடுத்தது ஏறும்படி. அவள் முப்பது என்றபோது என் எண்ணிக்கை இருபத்திரண்டில் இருந்தது. இருபத்து மூன்றில் தொடை வெடவெடத்து, பெடல் மேலே வந்துவிட்டது.

"முப்பது! முப்பது!" என்று அவள் குதித்தாள்.

"இருபத்து மூணு," என்றேன். "இன்னும் ஒரு மாசம்."

"ஒரு மாசத்துல கரும்பே இருக்காதுடா!"

"கால் இருக்கும் அண்ணே."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டமளிப்புப் படம் ஊர்க் கூடத்திலிருந்து கீழே விழுந்திருக்கும். இறங்கினான். இடது காலை முதலில் மெல்ல வைத்து, பிறகு வலதை, நான் சொல்லிக் கொடுத்தபடிதான் இறங்கினான். சுற்றிப் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் ஏறிய வாட்டிசோனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கதவை அறைந்து சாத்தினான். லாரி கிளம்பியது. வாசல் திருப்பம்கூடப் போகவில்லை, பிரேக் போட்டு நின்றது. கதவு திறந்தது. அண்ணன் இறங்கி வந்து பின் டயரை உதைத்துப் பார்த்தான், வலது காலால், இடது காலில் நின்றுகொண்டு.

அந்த இடது கால் எத்தனை எண்ணும்வரை தாங்கியது என்று கேட்பதுபோல் நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.